கலைச்சொல் தேவை: விளக்கைப் போட்ட கணத்தில் பாயும் மின்னோட்டத்துக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பவர்:
நண்பர்களுக்கு வணக்கம். பெரிய கிடங்குகளுக்குச் சிக்கனமாக விளக்கு வயரிங் திட்டமிடுவது பற்றிய பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். எல்.இ.டி. விளக்கைப் போட்டதும், அதற்கேற்ப மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் ஒரு கணம் இழுக்கிறதே, அந்த இன்ரஷ் கரன்ட். முன்பதிப்பில் 'எழுச்சி மின்னோட்டம்' என்றிருக்கிறது. அப்படியே விடலாமா?

மின்பொறியாளர்:
விடக்கூடாது. எழுச்சி என்ற சொல் சர்ஜுக்குப் போய்ப் பல காலமாகிறது. அது மின்னலாலோ மின்தடத்தில் நடக்கும் மாற்றங்களாலோ வரும் மின்னழுத்த ஏற்றம். எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு) அடிக்கடி விழுவதற்குக் காரணம் 'எழுச்சி' என்று படிப்பவர், சர்ஜ் காப்புக் கருவி வாங்கி மாட்டுவார். காசும் போகும், எம்.சி.பி.யும் விழுந்துகொண்டே இருக்கும்.

'தொடக்க மின்னோட்டம்' மோட்டாருக்குச் சொல்வது. அது நொடிக்கணக்கில் நீடிக்கும். இது டிரைவருக்குள் இருக்கும் மின்தேக்கி நிரம்பும் வரைதான், பெரும்பாலும் ஒரு மில்லிநொடிகூட இல்லை. ஆனால் கணக்கையே புரட்டிவிடும். 150 வாட் விளக்கு 230 வோல்ட்டில், திறன்காரணி (பவர் ஃபேக்டர்) 0.95 என்றால், ஓடும்போது 0.69 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் 80 விழுக்காடு வரை ஏற்றினால் 18 விளக்கு தாங்கும். டிரைவரின் விவரத்தாளோ 'பி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 8 விளக்கு' என்று சொல்லலாம். அப்போது 8தான்.

தமிழாசிரியர்:
நம்மிடம் சொல் இருக்கும்போது ஏன் தேட வேண்டும்? முதன்முதலாக வருவதற்குத் 'தலை' என்பது பழைய முன்னொட்டு. முதல் மழை தலைப்பெயல். திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்திலேயே வருகிறது. முதற்பிள்ளை தலைச்சன். ஆகவே தலைப்பாய்வு. மூன்று அசை, ஒரு படிமம். பாய்வும் மின்னோட்டமும் ஒட்டும்.

பயிற்றுநர்:
ஐயா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் 'தலைப்பு + ஆய்வு' என்று பிரிப்பார்கள். குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறினால் அதுவும் தலைப்பாய்வுதான். கட்டுரைத் தலைப்பை ஆராய்வதற்கும் எம்.சி.பி.க்கும் என்ன உறவு?

தமிழாசிரியர்:
இடம் நோக்கிப் பொருள் கொள்ளத் தெரியாதவருக்கு எந்தச் சொல்லும் உதவாது.

மின்பொறியாளர்:
வேலை செய்பவர் சாரத்தின் மேல் நின்றுகொண்டு இடம் நோக்க மாட்டார். எதனால் வருகிறதோ அதையே பெயராக்கலாமே? நிரப்புப் பாய்வு. மின்தேக்கியை நிரப்பப் பாய்வது. இன்னொன்றும் விளங்கும்: மாறுமின்னோட்ட அலை உச்சியில், அதாவது 325 வோல்ட் அருகில், இருக்கும்போது சுவிட்சு விழுந்தால் பாய்வு மிகப் பெரிது, அலை சுழியைக் கடக்கும்போது விழுந்தால் மிகச் சிறிது. அதனால்தான் ஒரு நாள் விழும் எம்.சி.பி. மறுநாள் விழுவதில்லை. ஆட்கள் எம்.சி.பி. கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பயிற்றுநர்:
மின்மாற்றியை இணைக்கும்போதும் இன்ரஷ் உண்டு. அங்கே நிரப்ப மின்தேக்கி இல்லை, இரும்பு உள்ளகம் காந்தத்தால் தெவிட்டுவதால் வருவது. நிரப்பு என்றால் அந்தப் பாடத்தில் பொய்யாகிவிடும். முதற்பாய்வு என்று வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும்.

மொழிபெயர்ப்பவர்:
முதற்பாய்வு எனக்குப் பிடித்திருக்கிறது. அத்தியாயத்தில் இப்படி வருகிறது, வாக்கியம் ஓடுகிறதா பாருங்கள்: 'முதற்பாய்வால் எம்.சி.பி. விழுந்தால் பி வகையிலிருந்து சி வகைக்கு மாறுக.'

மின்பொறியாளர்:
வாக்கியம் ஓடுகிறது, அறிவுரை பாதிதான். பி வகை தன் மீது குறித்த ஆம்பியரின் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும், சி 5 முதல் 10, டி 10 முதல் 20. மடங்கு ஏற ஏற, பழுது நேரும்போது உடனே துண்டிக்க அவ்வளவு பெரிய மின்னோட்டம் வந்தாக வேண்டும். நீண்ட வரிசையின் கடைசி விளக்கில் கம்பியின் தடையால் அது வராமல் போகலாம். 'வரிசைக் கடைசியில் பழுதுத் தடத்தின் (பழுது மின்னோட்டம் சுற்றிவரும் பாதையின்) தடையை அளந்த பின்' என்று சேருங்கள். உணரியால் இயங்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சு) இருந்தால், முதற்பாய்வில் அதன் முனைகள் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் எழுதுங்கள். விளக்கு அணையவே அணையாது.

மலிவான வழி வேறு: வரிசையை மும்முனையில் போடுவது. அதே 150 வாட் விளக்கு 10, முதல் விளக்கு மின்பலகையிலிருந்து 30 மீட்டர், பிறகு 6 மீட்டருக்கு ஒன்று. சராசரித் தொலைவு 57 மீட்டர். ஒருமுனையில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பில் கடைசி விளக்கில் 9.5 வோல்ட் இறங்கும், 4.1 விழுக்காடு. விளக்குக்கு 3 விழுக்காடு என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. 2.5 போட்டால் 5.8 வோல்ட், சரி. மூன்று இழை (முனை, நியூட்ரல், எர்த்) 2.5 என்றால் மொத்தம் 7.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. ஐந்து இழை (மூன்று முனை, நியூட்ரல், எர்த்) 1.5-உம் அதே 7.5தான்! அதில் விளக்குகளை 4, 3, 3 என்று மாற்றி மாற்றி இணைத்தால் அழுத்த இறக்கம் 2 வோல்ட் அளவுக்கு வந்துவிடும், ஒரு முனைக்கு முதற்பாய்வும் 4 விளக்குக்குத்தான். ஒரு முனை போனாலும் கிடங்கு இருளாது.

தமிழாசிரியர்:
மும்முனையில் நடுக்கம்பியை, அதாவது நியூட்ரலை, நொதுமல் என்று எழுதுங்கள். 'பகை, நொதுமல், நண்பு' என்று நடுவுநிலைமை அதிகாரத்துக்குப் பரிமேலழகர் பிரிக்கிறார். பகையும் நட்பும் இல்லாதது. இதைவிடப் பொருத்தம் ஏது?

மின்பொறியாளர்:
பொருத்தம்தான், அறுந்து போகும் வரை. மும்முனையில் நியூட்ரல் மட்டும் அறுந்தால், விளக்கு குறைவாக உள்ள முனையில் அழுத்தம் 230-ஐத் தாண்டி ஏறி டிரைவர்கள் கருகும். அப்புறம் அது பகைதான். மூன்றாம் சீரிசை மின்னோட்டங்கள் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் அலைபவை) அதில் ஒன்றையொன்று அழிக்காமல் கூடுவதால், அதன் பருமனைக் குறைக்கவும் கூடாது.

பயிற்றுநர்:
நொதுமலுக்குத் தனி விவாத இழை தொடங்குங்கள், தயவுசெய்து. முதற்பாய்வு முடிவா?

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'முதல்' என்றால் போட்ட பணம். செலவுச் சிக்கனம் பற்றிய கையேட்டில் 'முதற்பாய்வைக் கட்டுப்படுத்துக' என்று தலைப்பிட்டால் முதலீட்டைக் குறைக்கச் சொல்வதாகவே படிப்பார்கள். தலைப்பாய்வைச் சந்தியால் தள்ளியவர்கள் இதை எப்படி ஏற்கிறீர்கள்?

மின்பொறியாளர்:
அந்த ஆபத்து உண்டு. ஆனால் எம்.சி.பி. வேலை நிறுத்தாது. முதற்பாய்வுக்கு என் வாக்கு, அரைமனதாக.

மொழிபெயர்ப்பவர்:
மூவரில் இருவர். அட்டவணையில் 'முதற்பாய்வு' போட்டுவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் 'இன்ரஷ் எனப்படும்' என்று சேர்த்திருக்கிறேன். அந்தத் துணைத்தலைப்பை மட்டும் 'விளக்கு போடும் கணத்தில்' என்று மாற்றினேன், ஐயா சொன்னதற்காக.

பயிற்றுநர்:
வகுப்பில் நான் இன்ரஷ் என்றுதான் சொல்வேன். தேர்வுத்தாளில் முதற்பாய்வு என்று எழுதினால் மதிப்பெண் உண்டு.

தமிழாசிரியர்:
தலைப்பாய்வு என்று எழுதினால்?