பின்னம் வரும் அசமன்பாடு: என் விடை மட்டும் ஏன் தலைகீழாக வருகிறது?

கேட்டவர்: குரூப் 4-க்குப் படிக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு அப்புறம் கணக்குப் பக்கமே போனதில்லை. (போனில் தமிழ் கீபோர்டுதான் இருக்கிறது, அதனால் எக்ஸுக்குப் பதில் ‘ய’ என்று போடுகிறேன்.)

1/2 − ய/3 > 5/6

பகுதிகளின் மீ.சி.ம. 6. எல்லாவற்றையும் 6-ஆல் பெருக்கினேன்.
3 − 2ய > 5
−2ய > 2
ய > −1

புத்தகத்தில் விடை ய < −1. மூன்று முறை போட்டுவிட்டேன். அச்சுப் பிழையா?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியை): புத்தகம் சரி தம்பி. பின்னத்தை நீக்கியதும் சரி. அங்கேதான் பலர் 5/6-ஐ மட்டும் பெருக்க மறந்துவிடுவார்கள். கடைசி வரியில்தான் சறுக்கல். உங்கள் விடைப்படி 0 பொருந்த வேண்டும். போட்டுப் பாருங்கள்: 1/2 > 5/6 என்று வரும், அது பொய். −3 போட்டால் 1/2 + 1, அதாவது 3/2. அது 5/6-ஐ விடப் பெரியது.

குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பும். 5 ரூபாய் வைத்திருப்பவர் 2 ரூபாய் வைத்திருப்பவரை விட வசதி. அதையே கடனாக்குங்கள்: 5 ரூபாய் கடன்காரர்தான் மோசம். 5 > 2, ஆனால் −5 < −2.

இன்னொரு பதில்: எனக்கு அந்த விதி எப்போதும் மறந்துபோகும். அதனால் குறை எண்ணால் வகுக்கவே மாட்டேன். 2ய-வை வலப்பக்கம் கொண்டுபோங்கள்: 3 − 5 > 2ய, −2 > 2ய, −1 > ய. வலமிருந்து படித்தால் ய < −1.

கேட்டவர்: அட, இது எளிது! ஆனால் அடுத்த கணக்கிலும் மாட்டிக்கொண்டேன். 3/ய > 2. ய-வால் பெருக்கினால் 3 > 2ய, ய < 3/2. குறை எண்ணே வரவில்லை. விடையோ 0 < ய < 3/2 என்கிறது. அந்த 0 எங்கிருந்து வந்தது?

ஆசிரியை: ய-வே குறை எண்ணாக இருக்கலாமே! அது தெரியாமல் அதால் பெருக்கக் கூடாது. இரண்டாகப் பிரியுங்கள். ய மிகை எண் என்றால் நீங்கள் செய்தது சரி. குறை எண் என்றால் 3/ய-வும் குறை எண்தான், அது 2-ஐ எப்படித் தாண்டும்? பகுதியில் 0 வரவே கூடாது. ஆக, 0-க்கும் 3/2-க்கும் இடையில் இருப்பது மட்டும் மிஞ்சும். எண்கோடு வரைந்து, 0, 3/2 இரண்டிலும் உள்ளே நிரப்பாத வட்டம் போடுங்கள்.

மற்றொருவர்: சற்று விலகிப் போகிறேன். பகுதி பெரிதானால் மதிப்பு குறையும் என்பது என் பையனுக்குப் பிடிபடவே இல்லை. 8 பெரிதுதானே, அப்புறம் 1/8 எப்படி 1/4-ஐ விடச் சிறியது என்பான். கால், அரைக்கால் என்று பழைய பெயரில் சொன்னேன். கால்வாசியில் பாதி அரைக்கால், அதுதான் 1/8. உடனே புரிந்துகொண்டான்.

கேட்டவர்: நானே ஒன்று போட்டேன்: 2/ய < 1. விடை ய > 2 அல்லது ய < 0. சரியா டீச்சர்?

ஆசிரியை: சரி. −4 போட்டுச் சோதித்தீர்களா?

கேட்டவர்: போட்டேன். −1/2 < 1.