கியர்பாக்ஸ் ஆயில் மாற்றக் கொடுத்த பக்கியும், பில்லில் மட்டும் மாறிய ஃபில்டரும்

சாட்ஸ்வர்த்திலிருந்து:

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், கல்யாணம், காவடி, பதினாறாம் நாள் என்று எது நடந்தாலும் பந்தலும் நாற்காலியும் வாடகைக்குக் கொண்டுபோய் இறக்குவது எங்கள் தொழில். வண்டி டபுள் கேப் டீசல் பக்கி (பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்), ஆறு கியர் ஆட்டோமேட்டிக். பின்னால் பெரும்பாலும் டிரெய்லர் இருக்கும். சாதாரணமாக ஓட்டுகிறவர்களுக்கு எழுதிய சர்வீஸ் கணக்கு டிரெய்லர் இழுக்கிற வண்டிக்கு ஒத்துவராது. சூடு ஏற ஏற கியர்பாக்ஸ் ஆயில் சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் கம்பெனி டீலரிடமே விட்டு ஆயில், ஃபில்டர், ஆயில் பேன் (கியர்பாக்ஸுக்கு அடியில் ஆயில் தங்கும் தட்டு) கேஸ்கெட் மூன்றையும் மாற்றச் சொன்னேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வண்டி தயார் என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் வண்டி பளபளவென்று நிற்கிறது. சீட்டுக்கு பிளாஸ்டிக் உறை, கண்ணாடியில் வாசனை அட்டை, குறையே சொல்ல முடியாது.

டிரைவில் போட்டேன். உடனே பிடிக்க வேண்டிய கியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்புறம் டக்கென்று இடித்துப் பிடித்தது. சரி, புது ஆயில் என்று விட்டேன். மறுநாள் எம்13 சாலையில் பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறுகிறேன். டிரெய்லர்கூட காலி. வளைவில் திரும்பும்போது ஆர்பிஎம் முள் சர்ரென்று மேலே போகிறது, வண்டி மட்டும் வேகம் எடுக்கவில்லை. அந்த மேடு எப்படிப்பட்டது என்று டர்பன்காரர்களுக்குத் தெரியும். 2013 செப்டம்பரில் கட்டுப்பாடு இழந்து இறங்கிய லாரி மோதி 24 பேர் செத்த இடம். அங்கே பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்க, நடுப்பாதையில் இழுவை இல்லாமல் மாட்டிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஓரங்கட்டினேன்.

இசிபிங்கோவில் என் மச்சான் சைலன்ஸர் கடை வைத்திருக்கிறார். அவருடைய லிஃப்டில் வண்டியை ஏற்றிக் கீழே போய்ப் பார்த்தோம். ஆயில் பேனைச் சுற்றி இருக்கிற போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் காய்ந்த செம்மண் அப்படியே கெட்டியாக அப்பியிருந்தது. பேனுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள விளிம்பிலும் அதே மண், ஒரு விரிசல்கூட இல்லை. வடிகால் போல்ட் மட்டும் ஸ்பானர் பட்டு மின்னியது. அதன் வாஷரும் பழசு, நசுங்கிப்போய் ஒரு சொட்டு சிவப்பு ஆயில் தொங்கிக்கொண்டிருந்தது. என் வண்டியில் ஃபில்டர் பேனுக்கு உள்ளே இருக்கிறது. பேனைக் கழற்றாமல் அதை மாற்ற வழியே கிடையாது. ஆனால் பில்லில் ஃபில்டர் ஒன்று, கேஸ்கெட் ஒன்று, இரண்டையும் மாட்டக் கூலி, எல்லாம் அச்சடித்தாற்போல் இருக்கிறது.

மச்சான் போட்டோ எடுத்தார். முழுப் பேன், போல்ட் தலைகள் கிட்டத்தில், பக்கத்தில் பில்லைப் பிடித்து ஒன்று. அப்புறம்தான் வண்டியை இறக்கினோம். அளவைச் சரிசெய்ய அவர் ஒரு சொட்டு ஆயில்கூட ஊற்றவில்லை. நாம் கை வைத்தால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்ல வசதியாகிவிடும் என்றார்.

டீலரிடம் போனால் சர்வீஸ் ஆலோசகர் சிரித்த முகத்தோடு, "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் புது ஆயிலுக்குப் பழகணும் சார், 500 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க" என்றார். கம்ப்யூட்டர் பழகுவது உண்மைதான். ஆனால் பழக்கம் வேறு, ஆயில் இல்லாத பட்டினி வேறு. நான் சண்டை போடவில்லை. "என் பழைய ஃபில்டரைக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டேன். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 68-ஆம் எண் சட்டம், 67-ஆம் பிரிவு: ரிப்பேரில் கழற்றிய பாகங்களைத் தனியாக எடுத்துவைத்து, வேண்டாம் என்று நாம் சொல்லாதவரை சுத்தமான ஒரு பெட்டியிலோ பையிலோ போட்டுத் திருப்பித் தர வேண்டும். குப்பையில் போட்டாச்சு என்றார். போட்டோவைக் காட்டினேன். சிரிப்பு நின்றது, மேனேஜர் வந்தார்.

ஒர்க் ஷாப் பையன் ஒருவன் கேட்காமலேயே இன்னொன்றும் சொல்லிவிட்டான். பாவம், நல்ல பிள்ளை. எஞ்சினை ஆஃப் பண்ணிவிட்டுத்தான் ஆயில் அளவு பார்த்தானாம். இந்தக் கியர்பாக்ஸில் அளவு பார்க்கிற குச்சி (டிப்ஸ்டிக்) இல்லை. ஆயில் ஏறக்குறைய 40 டிகிரி சூட்டில் இருக்கும்போது, எஞ்சின் ஓட, லீவரை எல்லா கியருக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டு, அளவு துளையின் போல்ட்டைத் திறக்க வேண்டும். ஆயில் மெல்லிய நூலாக வழிந்து சொட்டுச் சொட்டாகக் குறைந்தால் அளவு சரி. எஞ்சின் நின்றிருந்தால் டார்க் கன்வெர்ட்டருக்கும் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கிற பாகம்) கூலருக்கும் பம்ப் இழுக்க வேண்டிய ஆயிலும் பேனிலேயே கிடக்கும். துளை வழியாக வழிந்ததும் நிறைந்துவிட்டது என்று மூடிவிடுவார்கள். அப்புறம் எஞ்சின் ஓடினால் பற்றாக்குறை. வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும்.

மேனேஜர் அடுத்த சர்வீஸில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். மின்னஞ்சலில் கேட்டது இவ்வளவுதான்: 54-ஆவது பிரிவுப்படி அதே வேலையை என் கண் முன்னால் திரும்பச் செய்ய வேண்டும், முதல் கூலியைத் திருப்ப வேண்டும், கியர் வழுக்கியது அவர்கள் சர்வீஸுக்குப் பிறகுதான் என்று ஜாப் கார்டில் எழுத வேண்டும். கடைசி வரிக்குத்தான் ரொம்ப யோசித்தார்கள். எனக்கு அதுதான் முக்கியம். நாளைக்குக் கிளட்ச் தட்டுகள் கருகிப்போனால் கையில் இருக்கப்போவது அந்தத் தாள் ஒன்றுதான்.

எழுதினார்கள். பேனும் இறங்கியது. பேனுக்குள் இருக்கிற காந்தங்களில் சாம்பல் நிறப் பசை, மெல்லியது, துணியால் துடைத்தால் போகிறது. உலோகச் செதில் எதுவும் இல்லை என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஸ்கேனரில் சூடு பார்த்து அளவு வைத்தார்கள். முதலில் ஊற்றியதைவிட ஒரு லிட்டருக்கு மேல் கூடுதலாகப் போனது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

தம்பி, நான் ரிட்டயர்ட் மெக்கானிக். செம்மண்ணைப் பார்த்த உங்கள் மச்சானுக்கு என் வணக்கம்.

என்னிடம் வந்த ஒரு பக்கி வேறு மாதிரி. அளவு சரி, பேன் சுத்தம், ஆயில் தப்பு. மெல்லிய ஆயில் கேட்கிற கியர்பாக்ஸில் பீப்பாயில் கிடந்த பழைய டெக்ஸ்ரான் வகை ஆயிலை ஊற்றியிருந்தார்கள். மிதமான வேகத்தில், கன்வெர்ட்டர் பூட்டும் நேரத்தில், கரடுமுரடான ரோட்டில் போவது போல வண்டி உதறும். பெரும்பாலும் எல்லாமே சிவப்பு நிறம்தான், நிறத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பில்லில் "ஏடிஎஃப்" (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) என்று மொட்டையாகப் போட்டிருந்தால் விடாதீர்கள், எந்த வகை, எத்தனை லிட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். தப்பான ஆயில் உள்ளே போய்விட்டால் ஒருமுறை வடித்தால் தீராது. கன்வெர்ட்டரில் பாதி தங்கிவிடும். வடி, ஊற்று, கொஞ்சம் ஓட்டு, மறுபடி வடி.

வீட்டில் தாமே செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆயிலை வடிப்பதற்கு முன்னால் ஊற்றும் துளையின் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் வடித்த பிறகு அது இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்றால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

லெனேசியாவிலிருந்து:

எனக்கு இந்த அளவுக்குப் போகவில்லை. அடித்தகட்டின் நாலு போல்ட்டில் இரண்டைத்தான் திரும்ப மாட்டியிருந்தார்கள். ஹைடெல்பெர்க் தாண்டி என்3-இல் தகரம் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. போன் பண்ணினால் "கல் பட்டிருக்கும்" என்றார்கள்.

வாரண்டி போய்விடும் என்ற பயத்தில்தானே எல்லோரும் டீலரிடமே போகிறோம்? 2021 ஜூலை 1 முதல் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் நடைமுறையில் இருக்கின்றன. வாரண்டி காலத்திலும் வெளிக் கடையில் சர்வீஸ் செய்யலாம், அந்த ஒரு காரணத்துக்காக முழு வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது. ஆனால் வெளிக் கடைக்காரர் செய்த வேலையால் ஏதாவது கெட்டால், அந்தச் சேதத்தைக் கம்பெனி ஏற்காது. அதனால் அங்கேயும் பில், போட்டோ எல்லாம் வேண்டும்.

டீலர் மசியவில்லை என்றால் மோட்டார் துறைக்கென்றே புகார் விசாரிக்கிற ஆம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. ஆனால் முதலில் டீலரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, பதில் சொல்ல நேரம் கொடுத்திருக்க வேண்டும். போனில் கத்தியது கணக்கில் வராது. அண்ணே, உங்களுக்குக் கூலி முழுவதும் திரும்பி வந்ததா?

சாட்ஸ்வர்த்திலிருந்து:

கூலி முழுவதும் வந்தது. மாட்டாத ஃபில்டருக்கும் கேஸ்கெட்டுக்கும் வாங்கிய பணத்தை இரண்டாம் தடவை மாட்டியதில் கழித்துக்கொண்டார்கள், அது நியாயம்தான். ஆயிலுக்குக் கூடுதலாக ஒன்றும் கேட்கவில்லை. பழைய ஃபில்டர் இப்போது என் கராஜில் ஒரு பையில் இருக்கிறது, வீட்டுக்காரி எதற்கு இந்தக் குப்பை என்கிறாள். திரும்பச் செய்த பிறகு ஃபீல்ட்ஸ் ஹில்லில் வழுக்கவில்லை, ஆனால் அது காலி வண்டி. அடுத்து ஜோபர்க் ஆர்டர் ஒன்று இருக்கிறது. டிரெய்லர் நிறைய நாற்காலியோடு வான் ரீனன் கணவாய் ஏறிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.