புதுப்பிப்பு: ஹட்டன் வீட்டு முற்பணம்

ஆறு மாத முற்பணத்தை உடனே நீட்டியவருக்கே அம்மாவின் ஹட்டன் வீட்டை வாடகைக்குக் கொடுக்கலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். கொடுக்கவில்லை. அடையாள அட்டையைக் காட்டவே தயங்கினார். முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணும் தரவில்லை. தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவரின் குடும்பம் வந்திருக்கிறது. இரண்டு மாத வாடகைதான் முற்பணம், கையொப்பமிட்ட பற்றுச்சீட்டோடு.

பூஞ்சணம்தான் நீண்ட பேச்சாகிவிட்டது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. சமையலறை மூலையில் கறுப்புப் புள்ளிகள் வருடாவருடம் வரும். அதற்காக முற்பணத்தில் கைவைப்பது அநியாயம். உடைந்த கண்ணாடி, கட்டாத மின்கட்டணம் மட்டுமே கழியும் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். ஆசிரியை ஒவ்வொரு சுவரையும் படமெடுத்துக்கொண்டார், நானும் எடுத்தேன். திங்கட்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டேன்.