ஊருணியில் கம்பூசியா விடலாமா?

கிணற்றடி:
மழை விட்டதும் எங்கள் ஊர் ஊருணியிலும் வீட்டுக் கிணறுகளிலும் கம்பூசியா மீன் விடப்போகிறார்கள். நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்த மீன். மருந்து தெளிக்காமலே கொசுப்புழுவைத் தின்றுவிடும், ஒருமுறை விட்டால் தானே பெருகும். வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

வரப்புமீன்:
அந்தத் 'தானே பெருகும்'தான் எனக்குப் பயம், அண்ணா. இது முட்டையிடாது, குட்டி போடும். சுமார் நாலு வாரத்துக்கு ஓர் ஈற்று, ஈற்றுக்குப் பல குட்டிகள். ஒருமுறை இணைந்தாலே பெண்மீன் விந்தைச் சேமித்துவைத்து அடுத்தடுத்து ஈனும். புழுவோடு நிற்காமல் தவளை முட்டை, தலைப்பிரட்டை, மற்ற மீன்களின் குஞ்சு எல்லாம் தின்னும்.

இதன் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்பகுதியும் மெக்சிகோவும். அங்கே ஆழமில்லாத, ஓட்டமில்லாத, செடி அடர்ந்த கரையோர நீரில் வாழ்கிறது. நம் ஊருணிக் கரையும் அச்சு அசல் அப்படித்தான். அந்த இடத்தில் ஏற்கெனவே முண்டக்கண்ணி இருக்கிறது. தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன நீர்மட்டத்திலேயே திரியுமே, அதுவும் கொசுப்புழு தின்னும் மீன்தான். செடியில் கொஞ்சம் கொஞ்சமாக முட்டையிடும் அது இதோடு எப்படிப் போட்டி போடும்? ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் எட்ஜ்பாஸ்டன் ஊற்றுகளில் மட்டுமே வாழும் செந்துடுப்பு நீலக்கண் மீனை அழிவின் விளிம்புக்குத் தள்ளியதில் கம்பூசியாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

கிணற்றடி:
தம்பி, மலேரியா வந்த வீட்டில் இருந்து பார்த்தவன் நான். அம்மா மூன்று போர்வைக்குள் நடுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தவளையா மனுஷனா என்றால் நான் மனுஷன் பக்கம்தான். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டெபன்சி என்ற கொசு கிணற்றிலும் மாடித் தொட்டியிலும்தான் முட்டையிடுகிறது. அங்கே மீன் விட்டால் என்ன கெட்டுவிடும்?

நாற்றங்கால்:
இடையில் ஒன்று. கொசுப்புழு தின்னும் மீன்கள் பற்றிய ஆய்வுகளை மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2017-இல் தொகுத்துப் பார்த்தது. சில நீர்நிலைகளில் புழு குறைந்திருக்கிறது. ஆனால் சுற்றியிருந்த மக்களிடம் மலேரியா குறைந்ததா என்று அந்த ஆய்வுகளில் ஒன்றுகூட அளக்கவில்லை. டெங்குக் கொசுவோ சிரட்டையிலும் பழைய டயரிலும் வளர்கிறது. அதில் எந்த மீனை விடுவது?

வரப்புமீன்:
அம்மாவைப் பற்றிப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது, அண்ணா. கிணற்றுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. சுவரெழுப்பிய, நிரம்பி வழியாத கிணறு என்றால் விடுங்கள். ஊருணி அப்படியில்லை. கலுங்கு தாண்டினால் வாய்க்கால், வாய்க்கால் வழியே வயல். அதற்குப் பிறகு இதைப் பிடித்து முடிக்க யாராலும் ஆகாது.

கிணற்றடி:
சரி, ஊருணிக்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் கிணற்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். முண்டக்கண்ணியை அங்கே விடலாம் என்றால், செடியில்லாத கிணற்றில் அது எதில் முட்டையிடும்?

வரப்புமீன்:
அங்கே பெருகாது. அவ்வப்போது பிடித்து விட வேண்டும், வேலை கூடுதல்தான். இல்லையென்றால் கிணற்று வாயைக் கொசுவலையால் மூடுங்கள். ஞாயிறு காலை கைவலையோடு வருகிறேன். கரையில் முண்டக்கண்ணி எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.