கேர்னல் பிளாக்குகளுக்கு (flags) எண்ணைக் கையால் எழுதுவதா?

உப்புவெளியான்:
கம்பஸ் இறுதியாண்டுக்கு ஒரு சின்னக் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதுகிறோம். சிபியு வசதிகளுக்கான பீச்சர் பிளாக்குகளை (ஒரு வசதி உண்டா இல்லையா என்று காட்டும் பிட்டுகளின் பெயர்களை) லினக்ஸ் மாதிரி 4*32+28 என்று கையால் எழுத வேண்டும் என்கிறான் கூட்டாளி. எனக்கு அது வீண்வேலை. பெயர்களை வரிசையாக எழுதினால் கம்பைலரே 0, 1, 2 என்று போட்டுவிடும்.

சீனக்குடா91:
தம்பி, 4*32+28 ஒரு விலாசம். லினக்ஸில் அது ஏவிஎக்ஸ் என்ற சிபியு வசதி: நாலாம் வேர்ட் (32 பிட் தொகுதி), 28ஆம் பிட். சிபியுவிடம் அதன் வசதிகளைக் கேட்கும் சிபியுஐடி கட்டளையை 1 கொடுத்துக் கூப்பிட்டால், விடை வரும் ஈசிஎக்ஸ் ரெஜிஸ்டரில் ஏவிஎக்ஸ் வருவதும் அதே 28இல்தான். ரெஜிஸ்டரை அப்படியே கொட்டினால் வேலை முடிந்தது. உங்கள் முறையில் ஒவ்வொரு பிட்டையும் பொறுக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும்.

உப்புவெளியான்:
ஹார்ட்வேர் தரும் பிட்டுகளுக்கு அது சரி, அண்ணை. மூன்றாம் வேர்டை லினக்ஸ் தன் சொந்தப் பிளாக்குகளுக்கு வைத்திருக்கிறதே, அதற்கு எந்தக் கையேடு? சிபியு விவரம் காட்டும் சிபியுஇன்போ கோப்பில் வெளியே தெரிவதும் பெயர்தான்.

சீனக்குடா91:
அங்கேயும் ஒன்றை நீக்கினால் மற்றவற்றை மேலே இழுக்கமாட்டார்கள், இடம் காலி என்று குறிப்பு எழுதுவார்கள். 1942 ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதலில் திருகோணமலைச் சீனக்குடாவில் எங்கள் 91ஆம் எண்ணெய்த் தாங்கி எரிந்தது. இன்றும் அது 91தான். (இல்லாவிட்டால் என் பெயரே போயிருக்கும்.)

உப்புவெளியான்:
காலி இடத்தில் பிறகு வேறு பிளாக் வந்து குந்துகிறதே! அது விலாசமா, வாடகை அறையா?

நிலாவெளி_கரை:
இரண்டு பேரும் டிஸ்க்கை மறந்துவிட்டீர்கள். லினக்ஸின் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4இன் பிளாக்குகள், டிஸ்க்கில் அதன் விவரங்களை வைத்திருக்கும் சூப்பர்பிளாக்கில் (superblock) எழுதப்படுகின்றன. எக்ஸ்டென்ட் பிளாக்கின் மதிப்பு பதினறுமத்தில் 40. அதை மாற்றினால் ஏற்கெனவே எழுதிய டிஸ்க்குகள் எல்லாம் பிழையாக வாசிக்கப்படும். தனக்குத் தெரியாத பிட்டைக் கண்டால் கேர்னல் என்ன செய்ய வேண்டும் என்பதற்காகவே மூன்று தொகுதிகள் உண்டு: ஒன்றில் பேசாமல் போகலாம், ஒன்றில் வாசிக்க மட்டும் மவுன்ட் செய்யலாம் (டிஸ்க்கைப் பயன்பாட்டுக்கு இணைக்கலாம்), மற்றதில் மவுன்ட் செய்யவே கூடாது. அங்கே அறையை வாடகைக்கு விட ஏலாது.

உப்புவெளியான்:
சரி, டிஸ்க்கில் போவதற்கும் சிபியுஐடி பிட்டுகளுக்கும் கையால் எழுதுகிறேன். சொந்தப் பிளாக்குகள் கம்பைலருக்கே.

சீனக்குடா91:
எழுது. நடுவில் ஒரு வரி செருகினால் பின்னால் உள்ள எண்கள் நகரும், மொட்யூல்களையும் (கேர்னலில் தனியாகச் சேர்க்கும் துண்டுகளையும்) திரும்பக் கம்பைல் பண்ணு. நான் அதை மறந்து, பழைய மொட்யூல் பக்கத்துப் பிட்டை வாசித்துக்கொண்டிருக்க, விடியும்வரை தலையைச் சொறிந்தவன்.