பொண்ணுக்கு நடிப்பு ஆசை, வழி சொல்லுங்க

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கோம். பொண்ணுக்கு 9 வயசு. பள்ளி ஆண்டு விழாவுல ஔவையார் வேஷம். பாதியில நரைமுடி கழண்டு விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டு, "காத்து பலமா அடிக்குதுப்பா முருகா"ன்னு சொந்தமா ஒரு வரி சேர்த்தா பாருங்க, கூட்டமே கைதட்டுச்சு! அன்னையிலேர்ந்து சினிமாவுல நடிக்கணும்னு ஒரே நச்சரிப்பு.

போன மாசம் ஒருத்தர் வாட்ஸ்அப்ல வந்தார். போட்டோ ஆல்பத்துக்கு 25,000 ரூபாய் கட்டினா விளம்பரப் படம் நிச்சயமாம். வீட்டுக்காரர் 3,000 அட்வான்ஸ் போட்டார், அதோட அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். (நான் சொன்னா எங்க கேக்கறாரு!)

அப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படிச்சேன். குழந்தைங்க ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல நடிக்கக் கூடாது, ஓய்வில்லாம 3 மணி நேரம் தாண்டக் கூடாது, சம்பளத்துல 20 சதவீதமாவது குழந்தை பேர்ல வங்கி டெபாசிட் ஆகணும், கலெக்டர் அனுமதியைத் தயாரிப்பாளர் வாங்கணும்னு இருக்கு. ஷூட்டிங்ல இதெல்லாம் நடக்குதா? பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனவங்க சொல்லுங்க.

இப்போதைக்கு நாடகம் கத்துக்கட்டும்னு தோணுது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துல நிகழ்கலை படிச்சவங்க யாராச்சும் சின்னப் பசங்களுக்கு சனி, ஞாயிறுல வகுப்பு எடுக்கறீங்களா? பஸ்ல கூட்டிட்டு வந்துடுவேன்.