முடக்குவாதத்தின் வேர் மூட்டிலா, எலும்பு மஜ்ஜையிலா?

கேள்வி: முதுநிலை மாணவி

வணக்கம். உயிரியலில் முதுநிலைப் பட்டம் படிக்கிறேன். இந்தப் பருவத்தின் கருத்தரங்குக்காக, இரத்தத்தின் ஸ்டெம் செல்கள், அதாவது இரத்தக் குருத்தணுக்கள், கருவில் எவ்வாறு தோன்றுகின்றன என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். படித்துக்கொண்டு போகையில் ஓரிடத்தில் தடுக்கி நின்றுவிட்டேன். கருவில் இக்குருத்தணுக்கள் போதிய எண்ணிக்கையில் பிறப்பதற்கு டி.என்.எஃப்., இன்டர்ஃபெரான் முதலிய அழற்சிப் புரதங்களின் தூண்டுதல் வேண்டும் என்று படித்தேன். அதே டி.என்.எஃப். புரதத்தை மறிப்பதற்காகத்தான் முடக்குவாத நோயாளிகளுக்கு ஊசி போடுகிறார்கள் என்பது எனக்கு வீட்டிலிருந்தே தெரியும். என் தாயாருக்குப் பதினொரு ஆண்டுகளாக அந்நோய் உள்ளது.

அவருடைய பரிசோதனை அறிக்கைகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்ததில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. விரல் கணுக்கள் வீங்கி, காலையில் கையை மடக்க முடியாமல் அவர் தவிக்கும் மாதங்களில் தட்டணுக்களின் எண்ணிக்கை ஏறி நிற்கிறது, ஹீமோகுளோபின் இறங்கிவிடுகிறது. வீக்கம் தணிந்தால் இரண்டும் தம் இடத்துக்குத் திரும்புகின்றன. மூட்டில் நடப்பது மஜ்ஜைக்கு எப்படித் தெரிகிறது? அல்லது மஜ்ஜையில் நடப்பதைத்தான் மூட்டில் பார்க்கிறோமா? அப்படியென்றால் மஜ்ஜையை மாற்றினால் நோய் தீருமா? எலியில் கண்டது எது, மனிதரில் கண்டது எது என்று பிரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கருவியல் பிரிவில் இருந்தவர்

உங்கள் கேள்வியின் முதற்பகுதிக்கு மட்டும் விடை சொல்கிறேன். நான் பல ஆண்டுகள் வேலை செய்த இடம் அதுதான்.

சுண்டெலிக் கருவில் பத்தரை நாள் அளவிலும், மனிதக் கருவில் ஏறத்தாழ நான்காம் வாரம் முடிந்து ஐந்தாம் வாரம் தொடங்கும்போதும், முதுகுப்புறப் பெருந்தமனியின் சுவரிலிருந்து முதல் இரத்தக் குருத்தணுக்கள் பிறக்கின்றன. மஞ்சட்கருப் பையில் அதற்கு முன்பே இரத்த அணுக்கள் உருவாகிவிடுகின்றன என்றாலும், பெரும்பாலும் அவை அந்த வேளையின் தேவைக்கு வந்தவை. வாழ்நாள் முழுவதற்குமான இருப்பு தமனிச் சுவரில் பிறப்பதுதான். அங்கிருந்து கருவின் கல்லீரலுக்குப் போய்ப் பெருகி, பின்னர் மஜ்ஜையில் குடியேறுகின்றன.

இந்தப் பிறப்பை உயிருள்ள வரிக்குதிரை மீன் கருவில் நேரடியாகப் படம்பிடித்த ஆய்வுகள் 2010இல் வெளிவந்தன. மீன்குஞ்சு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல் கொண்டது என்பதால், ஒளிரும் நிறமியைச் செல்லில் ஏற்றிவிட்டு மணிக்கணக்கில் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கலாம். பாய் விரித்ததுபோல் தட்டையாகக் கிடக்கும் ஓர் உட்சுவர்ச் செல் நடுவில் வளைந்து புடைக்கத் தொடங்கும். அதன் இருபுறத்து அண்டைச் செல்கள் ஒன்றையொன்று நெருங்கி, அது விடப்போகும் இடத்தை முன்கூட்டியே மூடிக்கொள்ளும். கடைசிப் பிடியும் விட்டதும் அச்செல் உருண்டையாகித் தமனிக்கும் சிரைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் இறங்கிவிடும். குழாயில் ஒரு சொட்டும் கசியாது. ரன்எக்ஸ்1 என்னும் மரபணுவின் செயலைத் தடுத்துவிட்டால், செல் வளைவது வரை எல்லாம் நடக்கும், ஆனால் வெளியேறும் தறுவாயில் அது வெடித்துச் சிதறிவிடும். அந்தப் படத்தை எத்தனையோ முறை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன், இன்றும் அந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

நீங்கள் படித்த டி.என்.எஃப். இங்கேதான் வருகிறது. 2014இல் அதே மீனில் செய்த ஆய்வில், கருவில் முதலில் தோன்றும் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்களே டி.என்.எஃப். புரதத்தின் முக்கிய ஊற்று என்று கண்டார்கள். அது தமனிச் சுவர்ச் செல்லின் இரண்டாம் வகை ஏற்பியில் பட்டு, நாட்ச் என்னும் சமிக்ஞைப் பாதையைக் கிளப்பி, குருத்தணுவாக மாறும் முடிவை உறுதிப்படுத்துகிறது. கவனியுங்கள், அங்கே கிருமியும் இல்லை, காயமும் இல்லை. ‘அழற்சிப் புரதம்’ என்று நாம் அதற்குப் பெயர் வைத்தது நோயாளியின் உடலில் அதை முதலில் சந்தித்ததால்தான். கருவில் அதைச் சந்தித்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்போம்.

வளர்ந்த உடலில் நிலைமை வேறு. மஜ்ஜையில் உள்ள குருத்தணுக்களில் பெரும்பாலானவை உறங்கிக் கிடப்பவை. நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் உருவாகும் வேலையை அவற்றின் வழித்தோன்றல்களே பார்த்துக்கொள்கின்றன. இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சிப் புரதம் வந்து தட்டினால் அவை விழிக்கின்றன. சில நாள் தட்டிவிட்டு நின்றுவிட்டால், காய்ச்சலின்போது வேண்டிய வெள்ளணுக்கள் கிடைக்கின்றன. எலிகளுக்கு வாரக்கணக்கில் இன்டர்லூக்கின்-1 செலுத்திப் பார்த்த 2016 ஆய்வில், பியு.1 என்னும் மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் ஓங்கி, குருத்தணுக்கள் நியூட்ரோஃபில், மோனோசைட் ஆகிய வெள்ளணு வகைகளை உருவாக்கும் பக்கமாகவே சாய்ந்தன. தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றலும் குறைந்தது. செலுத்துவதை நிறுத்தியபின் அவை தேறின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உங்கள் தாயாருடைய எண்கள் வீக்கத்தோடு ஏறி இறங்குவது அதனாலா என்பதை மருத்துவத் துறையினர் சொல்லட்டும்.

பதில் 2: நோயெதிர்ப்பியல் ஆய்வு மாணவர்

மேலே எழுதியவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், ஒரு சிறு மறுப்போடு.

முதலில் அந்த இரத்தப் பரிசோதனை எண்கள். அவற்றை விளக்கக் குருத்தணு வரைக்கும் போகவே தேவையில்லை. வீங்கிய மூட்டுகளிலிருந்து இன்டர்லூக்கின்-6 இரத்தத்தில் கலந்து கல்லீரலை எட்டுகிறது. கல்லீரல் அதற்கு மறுமொழியாக ஹெப்சிடின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அது இரும்புச்சத்தைக் கிடங்கிலிருந்து வெளியே வரவிடாமல் பூட்டிவிடுவதால், உடலில் இரும்பு இருந்தும் சிவப்பணு உற்பத்திக்கு அது கிடைப்பதில்லை. அதே கல்லீரல், தட்டணு உற்பத்தியைத் தூண்டும் த்ரோம்போபொயட்டினைக் கூடுதலாகச் சுரப்பதால் தட்டணுக்கள் பெருகுகின்றன. மூட்டில் நடப்பது மஜ்ஜைக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். கல்லீரல் வழியாகவும் தெரிகிறது.

மஜ்ஜையில் நடப்பதைத்தான் மூட்டில் பார்க்கிறோமா என்ற எதிர்க்கேள்விதான் கடினமானது. அதற்கு 2022இல் வெளிவந்த ஓர் எலிப் பரிசோதனை நேரடியாக விடை தேடியது. எலிகளின் பல்லைச் சுற்றி நூல் கட்டி ஈறு அழற்சியை உண்டாக்கினார்கள். பின்னர் அவற்றின் மஜ்ஜையை எடுத்து, ஈறு நோயே இல்லாத எலிகளுக்கு மாற்றினார்கள். பெற்றுக்கொண்ட எலிகளில் மூட்டழற்சியைத் தூண்டியபோது, நலமான மஜ்ஜையைப் பெற்றவற்றைவிட இவற்றுக்கு வீக்கம் கடுமையாக இருந்தது. நோய் இருந்தது ஓர் உடலின் வாயில், அதன் விளைவு தெரிந்தது இன்னோர் உடலின் காலில். இடையில் கைமாறியது மஜ்ஜை மட்டும். குருத்தணுவின் டி.என்.ஏ. எழுத்துகள் மாறாமலே, அதன் எந்தப் பக்கங்கள் திறந்திருக்க வேண்டும் என்பது மாறிவிடுவதால் இப்படி நேர்கிறது என்று கருதுகிறார்கள். பயிற்சி பெற்ற உள்ளார்ந்த எதிர்ப்பு என்று இதற்குப் பெயர். இன்டர்லூக்கின்-1 சமிக்ஞையைத் தடுத்தபோது அந்தப் பயிற்சி ஏறவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு.

இந்தப் பரிசோதனையின் எலும்புக்கூடு 1961இல் டில், மெக்கல்லக் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் டொராண்டோவில் செய்ததுதான். கதிர்வீச்சால் மஜ்ஜையை அழித்த எலிக்கு வேறு மஜ்ஜையைச் செலுத்தினார்கள். மண்ணீரலில் முண்டு முண்டாகக் கிளம்பிய இரத்தக் குடியிருப்புகளை எண்ணினார்கள். மஜ்ஜையில் குருத்தணு இருக்கிறது என்பதற்கு முதல் அளவிடத்தக்க சான்று அதுவே. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும், குருத்தணு எதையாவது நினைவில் வைத்திருக்கிறதா என்று அறிய வேறு உடலில் அதை நட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது மறுப்பு. இவற்றையெல்லாம் படித்துவிட்டு முடக்குவாதம் மஜ்ஜையின் நோய் என்று எழுதிவிடாதீர்கள். எலியின் மூட்டுறையில் மேல்தளமாக அமைந்து வேலிபோல் காக்கும் மேக்ரோஃபேஜ்கள், அதாவது விழுங்கணுக்கள், மஜ்ஜையிலிருந்து வரும் மோனோசைட்டுகளை எதிர்பார்க்காமல் அங்கேயே தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன என்று 2019இல் காட்டினார்கள். அவ்வேலி குலையும்போதுதான் அழற்சி உள்ளே புகுகிறது. மனிதரிலோ, சிட்ருலின் என்னும் அமினோ அமிலம் ஏறிய புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் மூட்டு வலிக்கப் பல ஆண்டுகள் முன்பே பலருடைய இரத்தத்தில் காணப்படுகின்றன. எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி1 மரபணுவின் சில வடிவங்கள் இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. புகைபிடித்தலும் கூட்டுகிறது. இவையெல்லாம் டி செல், பி செல் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் சார்ந்த கதை. மஜ்ஜை இதில் எரிகிற நெருப்புக்கு விறகு கொண்டுவந்து போடுகிறது. எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள்கூட அங்கிருந்து வரும் மோனோசைட் வழிவந்தவைதாம். தீக்குச்சியைக் கிழித்தது யார் என்பது தனிக் கேள்வி.

பதில் 3: மூட்டு நோய் மருத்துவர்

மஜ்ஜையில் தொடங்கி மூட்டில் தெரியும் நோய் மனிதரில் இருக்கிறதா என்றால், இருக்கிறது. அது முடக்குவாதம் அன்று. வெக்ஸாஸ் என்ற பெயரில் 2020இன் இறுதியில் முதன்முதலாக 25 ஆண்களில் விவரிக்கப்பட்டது. நடுவயது கடந்தவர்களுக்குக் காய்ச்சல் வரும், காதுமடலும் மூக்கின் குருத்தெலும்பும் சிவந்து வீங்கும், மூட்டுகள் வலிக்கும், தோலில் தடிப்புகள் தோன்றும், ஸ்டீராய்டைக் குறைத்தால் உடனே எல்லாம் திரும்பிவிடும். இப்படிப்பட்டவர்களைப் பல ஆண்டுகள் வெவ்வேறு பெயர்களில் நாங்களே மருத்துவம் பார்த்திருக்கிறோம். காரணம், எக்ஸ் குரோமோசோமில் உள்ள யு.பி.ஏ.1 மரபணுவில், பிறப்பில் இல்லாமல் பின்னாளில், ஓர் இரத்தக் குருத்தணுவில் ஏற்பட்ட மாற்றம். அந்த ஒரு செல்லின் வழித்தோன்றல்கள் மஜ்ஜையில் பரவுகின்றன. மஜ்ஜைச் சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால் முன்னோடி அணுக்களுக்குள் குமிழி குமிழியாக வெற்றிடங்கள் தெரியும். கொடையாளரின் மஜ்ஜையை மாற்றியதில் சிலருக்கு நோய் முற்றிலும் அடங்கியிருக்கிறது. உங்கள் கருத்தரங்கில் மனிதச் சான்று என்று ஒன்றை மட்டும் காட்ட இடமிருந்தால் இதைக் காட்டுங்கள்.

முடக்குவாதத்தில் மஜ்ஜை மாற்றினால் தீருமா என்பது 1990களில் செய்தே பார்க்கப்பட்ட ஒன்று. நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களை முன்கூட்டி எடுத்து வைத்துக்கொண்டு, கடுமையான மருந்தால் நோயெதிர்ப்பு மண்டலத்தைத் துடைத்தபின் அவற்றைத் திருப்பிச் செலுத்தினார்கள். பலருக்கு வீக்கம் அடங்கியது. பெரும்பாலோருக்கு நோய் திரும்பியும் வந்தது. சிகிச்சையாலேயே உயிருக்கு ஆபத்து உண்டு என்பதால், லண்டனில் 1992இல் தொடங்கிய சோதனைகள் வழியாக டி.என்.எஃப். மறிப்பு மருந்துகள் நடைமுறைக்கு வந்ததும் இந்த வழி ஏறக்குறைய கைவிடப்பட்டது.

இன்னொன்று, ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரப்படுத்தி முழங்காலில் போடுவது வேறு சரக்கு. அவர்கள் சொல்வது பெரும்பாலும் கொழுப்பிலிருந்தோ மஜ்ஜையிலிருந்தோ எடுக்கும் இணைப்புத் திசுச் செல்களை. இரத்தக் குருத்தணுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை, முடக்குவாதத்துக்கு அது நிறுவப்பட்ட சிகிச்சையும் ஆகாது. தாயாரிடம் யாராவது சொன்னால் நினைவில் வையுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. தாயாருடைய எண்களைக் குருத்தணுவோடு முடிச்சுப்போட்டு ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன், அதை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு ஐயம் எஞ்சுகிறது. கருவில் குருத்தணு பிறக்க டி.என்.எஃப். வேண்டுமென்றால், முடக்குவாதம் உள்ள பெண் கருவுற்றிருக்கும்போது அந்த மறிப்பு ஊசியைப் போட்டுக்கொண்டால் குழந்தையின் இரத்தம் பாதிக்கப்படாதா?

பதில் 4: மூட்டு நோய் மருத்துவர்

கேட்க வேண்டிய கேள்விதான். குருத்தணுக்கள் தமனிச் சுவரிலிருந்து பிறப்பது ஐந்தாம் வாரத்தை ஒட்டி. இம்மருந்துகளில் பெரும்பாலானவை எதிர்ப்பொருள் வகையைச் சேர்ந்தவை. எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடக்க அதன் வால்பகுதியைப் பிடித்து ஏற்றும் ஓர் ஏற்பி வேண்டும், அந்தப் போக்குவரத்து முதல் மூன்று மாதங்களில் மிகச் சொற்பமாகவே நடந்து, பிற்பாதியில்தான் பெருகுகிறது. ஆகவே மருந்து கணிசமான அளவில் உள்ளே போகும் காலத்துக்கு வெகு முன்பே குருத்தணுக்கள் பிறந்து கல்லீரலுக்குப் போய்விடுகின்றன. செர்டோலிசுமாப் என்னும் மருந்துக்கு அந்த வால்பகுதியே இல்லை என்பதால் அது எக்காலத்திலும் மிகக் குறைவாகவே கடக்கிறது. காலக்கணக்கை வைத்து நான் சொல்லும் விளக்கம் இது; ஆனால் கருவுற்ற காலத்தில் டி.என்.எஃப். மறிப்பு மருந்துகளைத் தேவைப்பட்டால் தொடரலாம் என்று சிகிச்சை வழிகாட்டிகள் சொல்வது, அம்மருந்துகளைப் பயன்படுத்திய தாய்மாரையும் குழந்தைகளையும் கண்காணித்த அனுபவத்திலிருந்து. பிற்பாதியில் சில மருந்துகளை எப்போது நிறுத்துவது, குழந்தைக்கு உயிருள்ள தடுப்பூசியை எப்போது போடுவது என்பவற்றை மருத்துவர் முடிவு செய்வார். உண்மையில் கருவுறுமுன் நிறுத்தியே ஆக வேண்டிய மருந்து, பலரும் பயமின்றி விழுங்கும் மெத்தோட்ரெக்ஸேட்தான்.